வெல்வெட்டுக்கு ஓர் அகலத் திரை

கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. காய்கறி வாங்கப் போனாலும் டேப், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் டேப். சும்மா இருக்கிற நேரத்தில் நம் தோளை அளந்துவிடுவாளோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஏதோ ஒரு சான்றிதழில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் டேப்பக்காதான். அவளைவிட மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சோபா உறை தைக்கிற ஒரு கம்பெனிக்கு அவள் மார்க்கர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்க்கர் என்றால் பேனா இல்லை. கை, முதுகு, இருக்கை என்று ஒரு சோபாவின் துணித் துண்டுகள் அத்தனையையும், துணியின் அகலத்துக்குள் வீணில்லாமல் நெருக்கி அடுக்கிக் காட்டுகிற வரைபடம். அந்த அகலத்தைத் துணிக்காரர்கள் பன்னா என்று சொல்வார்கள். வரைபடத்தை நீளக் காகிதத்தில் அச்சடித்து, அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் போட்டு, மெஷினால் ஒரே வெட்டு. அதில் ஒரு துண்டு தவறினால் ஒரு துண்டோடு போகாது, அடுக்கில் இருக்கிற அத்தனை துணியும் போகும்.

அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார எல்லாரும் பயந்து பின்வாங்கினார்கள். பின்வாங்க இடமில்லாமல் சுவரோரம் நின்றிருந்தவள் இவள். உட்கார்ந்தாள், பிடித்துப்போனது. பிறகு மாமியார் படுத்த படுக்கையானபோது வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும், படுக்கையறை மூலையில் அலமாரியை ஒட்டி, அந்தப் பழைய கம்ப்யூட்டரும் சின்னத் திரையும் அங்கேயே தங்கிவிட்டன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த நீல வெல்வெட் வரும் வரைக்கும்.

வெல்வெட் ஒரு வீம்பு பிடித்த துணி. ஒரு திசையில் தடவினால் பூனைக்குட்டி, எதிர்த் திசையில் தடவினால் முரடு. பார்வைக்கும் அப்படியே. நேராக வைத்த துண்டு வெளிறித் தெரியும், தலைகீழாக வைத்த துண்டு இருண்டு தெரியும். அதனால் வெல்வெட் மார்க்கரில் எல்லாத் துண்டுகளின் அம்புக்குறிகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் தைத்து முடித்த நீல சோபாக்களில் இடது கை ஒரு நீலம், வலது கை வேறொரு நீலம். வாங்கியவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கட்டிங் மாஸ்டர் அவளைக் கம்பெனிக்கு வரவழைத்து, எல்லார் முன்னாலும் சோபாவைக் காட்டினார்.

"வலது கைய ஏம்மா திருப்பி வெச்ச?"

"நான் அதைத் திருப்பலை மாஸ்டர். இடது கை தலைகீழா வந்திருந்துச்சு, அதைத்தான் நேராக்கினேன். வலது கையத் தொடவே இல்லை."

"அப்போ துணி தானா திரும்பிப் படுத்துக்குச்சா?"

தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் நல்லவர்கள் கேலி செய்தால் வலிக்காது என்று யார் சொன்னது? அன்றிலிருந்து வெல்வெட் வேறொருவருக்குப் போனது. அவளுக்கு வந்ததெல்லாம் லைனிங் துணி, அதாவது சோபாவின் அடிவயிற்றில் அடிக்கிற, யார் கண்ணிலும் படாத துணி. அதை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கஷ்டமும் எங்கோ ஒரு திருகு தளர்ந்ததால் வருவது என்று நம்புகிறவர். அவர் அவளை ஆறுதல்படுத்தத்தான் பார்த்தார்.

"கண்ணு கொஞ்சம் அசந்திருக்கும்மா. யாருக்கும் வர்றதுதானே. விடு."

அவளுக்குச் சுருக்கென்றது. மாஸ்டர் நம்பாதது கூடப் போகட்டும். கூடவே இருக்கிற மனுஷனும் நம்பவில்லையே! அதைவிட மோசம், நாள் போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம்மையறியாமல் கை எதையாவது செய்துவிட்டதோ? இத்தனை வருஷம் தன் கையை மட்டுமே நம்பிப் பிழைத்தவள், இப்போது லைனிங் துண்டைக்கூட இரண்டு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஒரு நாள் அந்த நீல மார்க்கரை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னா முழுவதும் தெரிகிற மாதிரி சுருக்கினால் அம்புக்குறிகள் எறும்பாகிவிட்டன. எந்த எறும்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அந்த எறும்புக்குத்தான் தெரியும். பெரிதாக்கினால் துணியில் கால்வாசிதான் தெரிந்தது, மிச்சம் திரைக்கு வெளியே எங்கோ கிடந்தது. இந்தச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டிருந்தோமா என்று அவளுக்குத் திக்கென்றது. அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். பெரிய திரை, அகலமான திரை. அதை வாங்கி, அதில் வெல்வெட் மார்க்கர் போட்டு, மாஸ்டர் முன்னால் வைக்காமல் ஓய்வதில்லை.

"பெரிய திரை வாங்கினா துணி திரும்பாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"திரும்பினா எனக்குத் தெரியும்ல!"

இங்கேதான் நிபுணர் உள்ளே வருகிறார். நிபுணர் என்பது வீட்டுக்காரரின் தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டம். செல்போன் கடையில் உறையும் கண்ணாடியும் ஒட்டுகிறவன். ஆனால் உலகத்தில் மின்சாரம் ஓடுகிற எதைப் பற்றியும் அவனிடம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

"எதுக்கு அண்ணி புதுசு? ஹால்ல அவ்ளோ பெரிய டிவி சும்மாதானே தொங்குது? ஒரு வயர் போட்டா முடிஞ்சுது."

வயர் போட்டான். நீல சோபாவின் துண்டுகள் ஹால் சுவர் முழுக்க விரிந்தன. அவளுக்கே ஒரு கணம் வாய் பிளந்துவிட்டது. பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது எழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சியாய்க் கலங்கித் தெரிந்தது. தள்ளிப் போய் உட்கார்ந்தால் மவுஸ் வயர் எட்டவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் துணியின் கரைக்கோடு, பன்னாவின் இரண்டு ஓரத்திலும் இருக்க வேண்டிய அந்தக் கோடு, காணவே இல்லை.

"கரை எங்கே தம்பி?"

"டிவின்னா ஓரத்துல கொஞ்சூண்டு வெட்டும் அண்ணி. அது ஒண்ணும் முக்கியமில்லை."

"எனக்கு அந்த ஓரம்தான் சோறு போடுது."

டிவி பழையபடி செய்திக்கும் விளையாட்டுக்கும் திரும்பியது. நிபுணர் மனம் தளரவில்லை. அடுத்த நாளே அவளைக் கண்ணைப் பறிக்கிற ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனான். அங்கே திரைகள் எல்லாம் போர்க்களமாக இருந்தன. ஒன்றில் விமானம் வெடித்தது, இன்னொன்றில் கார் பறந்தது. விற்பனைப் பையன் ஒரு வினாடிக்கு எத்தனை படம் ஓடும் என்பதைப் பற்றி மூச்சு விடாமல் பேசினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் துண்டுங்க ஓடாது தம்பி. வெச்ச இடத்துல கெடக்கும்," என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்து, வில்லாய் வளைந்த ஒரு அகலத் திரையின் முன்னால் நிறுத்தினான். முப்பத்திநாலு இன்ச். அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவி, குறுக்கே நேராக இழுத்துப் பிடித்தாள். இரண்டு ஓரமும் தொட்டது, நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. டேப்பில் எண்ணைப் படிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. டேப் படியாத இடத்தில் கோட்டை எப்படி நேர் என்று நம்புவது? விளையாடுகிறவர்களுக்கு அது சொர்க்கமாக இருக்கலாம். பலர் அந்தத் திரையில் சந்தோஷமாக வேலையும் செய்யலாம். அவள் புத்திக்கு அது ஒத்துவரவில்லை. விலையைப் பார்த்தபோது கைக்கும் ஒத்துவரவில்லை.

ஆனால் அந்த முப்பத்திநாலு மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, முப்பத்திநாலு இன்ச் அகலத்துக்கு வெட்டி, மேஜை மேல் நிறுத்திப் பார்த்தாள். அலமாரிக் கதவு அட்டையில் இடித்தது.

"ஏங்க, அலமாரியைக் கொஞ்சம் நகத்தணும்."

"இன்னும் மானிட்டரே வாங்கலையேம்மா!"

"வாங்கத்தானே போறேன்."

மாமியார் காலத்து அலமாரி அது. மரத்தை அறுத்துச் செய்தார்களா, மரத்தையே அப்படியே நிறுத்திவிட்டார்களா என்று தெரியாத கனம். அண்ணனும் தம்பியும் முக்கி முனகி அதை அடுத்த சுவருக்கு நகர்த்தினார்கள். வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லிஃப்டை நகர்த்துவது இதைவிடச் சுலபம் என்று புலம்பிக்கொண்டே தைலம் தேய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற சந்தில் இறங்கினாள். ஆபீஸ்கள் இடம் மாறும்போது கழித்துப்போடுகிற திரைகள் அங்கே வரும். நிபுணர் சொன்னதை இந்தத் தடவை அவள் காதில் வாங்கவில்லை. கடை கடையாக ஏறினாள். வளைந்ததா, வேண்டாம். அகலம் பத்தாது, வேண்டாம். கண்ணாடி போலப் பளபளத்து நம் முகத்தையே காட்டுகிறதா, தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய என்னால் முடியாது, வேண்டாம். ஒரு கடைக்காரர், "உங்களுக்கு மானிட்டர் வேணாம்மா, மாப்பிள்ளை பாக்கறீங்க," என்றார். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த கடைக்கு ஏறினாள்.

சந்தின் கடைசியில் ஒரு அம்மா, நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக உட்கார்ந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, தட்டையான ஒரு அகலத் திரை.

"அது எவ்ளோ பெருசுங்க?"

"முப்பத்திநாலு. ஸ்டாண்ட் இல்லை. சட்டத்துல ஒரு கீறல் இருக்கு. அதனால விலை கம்மி."

விலை கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. அவள் டேப்பை எடுத்தாள். அகலம் முப்பத்தொன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. மறுபடி அளந்தாள். அதேதான்.

"மூணு இன்ச் எங்கேங்க போச்சு?"

கடைக்கார அம்மா டேப்பின் நுனியை வாங்கி, ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குச் சாய்வாக இழுத்துக் காட்டினார். முப்பத்திநாலு கச்சிதமாக வந்தது.

"திரைய எல்லாரும் மூலைக்கு மூலைதான் அளப்பாங்கம்மா. ஊர் உலகத்துக்கே அப்படித்தான்."

"துணிய இப்படி மூலைக்கு மூலை அளந்து வித்தா கடையில கல்லு விழும்!"

"நல்லவேளை, நான் துணி விக்கலை."

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே அவளுக்கு அலமாரி ஞாபகம் வந்தது. அந்த மூன்று இன்ச்சுக்காகத்தான் அதை நகர்த்தினோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்வதா, வேண்டாமா? இடுப்பு சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள்.

முப்பத்தொன்றும் போதும்தான். ஆனால் டிவியில் பட்டது போதாதா? "நாளைக்கு என் கம்ப்யூட்டரோட வர்றேன். அதுல போட்டுக் காட்டுங்க. என் மார்க்கர் சரியாத் தெரிஞ்சாதான் எடுப்பேன்," என்றாள். கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இப்படிக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கொண்டாங்க," என்றார்.

மறுநாள் அவள் பின்சீட்டில் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை போல மடியில் அணைத்துக்கொண்டு உட்கார, வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நிபுணர் தன் வண்டியில் வந்தான். வயர் மாட்டியதும் திரை முழுக்கப் படம் பளிச்சென்று நிறைந்தது.

"பாத்தீங்களா அண்ணி, ஓரத்துக்கு ஓரம்! எடுத்துருங்க," என்றான் நிபுணர்.

அவள் வட்ட ஸ்டூலுக்கான மூடித் துண்டு ஒன்றைத் திரையில் கொண்டுவந்து, டேப்பை வைத்தாள். குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே வேறு அளவு. வட்டம் முட்டையாகியிருந்தது. அவள் சோபாக்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி பக்கவாட்டில் பெருத்திருந்தன.

இத்தனை அலைச்சலும் வீணா? "ஏதோ ஒண்ணு பண்ணுங்கம்மா," என்றாள்.

கடைக்கார அம்மா கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "திரைமேல தப்பு இல்லை. உங்க கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு, இவ்ளோ அகலத்துக்குப் படம் அனுப்பத் தெரியலை. சின்னப் படத்தை இழுத்து ரொப்புது. படம் அனுப்பற பழைய கார்டு ஒண்ணு கெடக்கு, போட்டுப் பாக்கறேன்." இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடி, ஒரு கார்டை ஊதித் தூசி தட்டி உள்ளே சொருகினார். திரை கறுத்தது. திரும்பி வெளிச்சம் வந்தபோது அவள் டேப்பை வைத்தாள். குறுக்கும் நெடுக்கும் ஒன்றே. வட்டம் வட்டமாக இருந்தது. இரண்டு பக்கக் கரைக்கோடுகளும் இருந்தன.

"இதான்," என்றாள். "கட்டிக் குடுங்க."

ஸ்டாண்ட் இல்லாத குறையை வீட்டுக்காரர் தீர்த்தார். கழித்துப்போட்ட லிஃப்ட் கதவின் இரும்புப் பட்டையை வளைத்து, சுவரில் திருகி, திரையை அதில் நிறுத்தினார். பத்துப் பேர் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. மானிட்டருக்கு எதற்குப் பத்துப் பேர் தாங்குகிற பலம் என்று நிபுணர் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்டா," என்றார்.

அதற்கடுத்த வேலைதான் கஷ்டமானது. அவள் கம்பெனிக்குப் போய், கட்டிங் டேபிளுக்கு எதிரே மாஸ்டர் முன்னால் நின்றாள்.

"வெல்வெட் குடுங்க மாஸ்டர்."

"லைனிங் நல்லாத்தானே போயிட்டிருக்கு? ஏம்மா வம்பு?"

"பெரிய திரை வாங்கியிருக்கேன். பன்னா முழுசா தெரியுது. ஒரே ஒரு தடவை குடுங்க. தப்பாச்சுன்னா லைனிங்கும் வேணாம், நானே நின்னுக்கறேன்."

மெஷின்களின் சத்தம் குறைந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நகர்கிற மாதிரி இல்லை.

"சரி. அதே சோபாதான், இந்தத் தடவை பச்சை வெல்வெட். மார்க்கர் வந்ததும் நானே பாப்பேன். உன் வாயால சொல்லியிருக்க, ஞாபகம் வெச்சுக்கோ."

வீட்டுக்கு வந்ததும் கம்பெனி அனுப்பிய சோபாவின் கோப்பைத் திறந்தாள். அந்த அகலத்தில் சோபா முழுவதும் மேஜை மேல் துணி விரித்த மாதிரி கிடந்தது. ஒவ்வொரு அம்புக்குறியும் தெளிவாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் வலது கை நேராக இருந்தது. அதை இடம் பார்த்து வைத்து முடித்தாள். இடது ஓரத்தில் இடது கை, போன தடவை மாதிரியே தலைகீழாக வந்திருந்தது. அதைத் தொட்டுத் திருப்பினாள்.

திருப்பிய அதே கணத்தில், அந்தப் பக்கம், திரையின் மறுகோடியில் ஏதோ அசைந்தது.

அவள் மெல்ல வலது ஓரத்தைப் பார்த்தாள். அவள் தொடாத வலது கை தலைகீழாக நின்றது. பதறிப்போய் அதை நேராக்கினாள். இங்கே இடது கை கவிழ்ந்தது. மறுபடி இதைத் திருப்பினாள், அது கவிழ்ந்தது. பழைய மாடல்களில் இரண்டு கையும் தனித்தனியாக வரும். இந்த மாடலை வரைந்தவர், ஒன்றில் செய்கிற மாற்றம் மற்றதிலும் வரட்டும் என்று இரண்டையும் ஜோடியாகப் பிணைத்து வைத்திருந்தார். அன்றைக்கு அவள் இடது கையைத் திருப்பியபோது வலது கை அவளுடைய சின்னத் திரைக்கு வெளியே, யாரும் பார்க்காத இருட்டில், சத்தமில்லாமல் கவிழ்ந்திருக்கிறது.

"ஏங்க," என்று கத்தினாள். "இங்க வாங்க. சீக்கிரம்!"

ஷாக்கடித்துவிட்டதோ என்று பயந்து அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்தார். அவள் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். அவர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். அவள் மறுபடியும் திருப்பினாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"நீ அன்னைக்கே சொன்ன," என்றார் கடைசியில்.

"சொன்னேன்."

"நான்தான் கண்ணு அசந்திருக்கும்னு..."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கம் இல்லை, கோபமும் இல்லை. தன் கை தன்னிடமே திரும்பி வந்துவிட்டதில் வந்த அழுகை. அதை அடக்கவும் அவள் முயலவில்லை, நன்றாக அழுதாள். அவர் தோளைத் தொட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நகருங்க, திரைய மறைக்கறீங்க," என்றாள்.

ஜோடியை அவிழ்த்தாள். கைகளைத் தனித்தனியாக வைத்தாள். முதுகு, இருக்கை, ஓரப்பட்டை என்று ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தபோது, கரையிலிருந்து கரை வரைக்கும் எல்லா அம்புக்குறிகளும் ஒரே பக்கம் பார்த்தன. முகத்தைத் துடைத்து, கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டு, மாஸ்டருக்கு போன் போட்டாள்.

"மாஸ்டர், பச்சை மார்க்கர் ரெடி. ஆனா அனுப்ப மாட்டேன். நீங்க வீட்டுக்கு வரணும். அன்னைக்குச் சிரிச்சாங்க பாருங்க, அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. துணி தானா எப்படித் திரும்பிப் படுத்துக்குதுன்னு காட்டறேன்."